ரிஜெக்ட் ஆன மீட்டர்

“நாலு தடவை பாத்தா நாலு விதமா காட்டுதுன்னா, அதுக்குப் பேரு மீட்டரா சார்?”

கேட்டவர் அந்த பேரிங் தொழிற்சாலையின் தர ஆய்வாளர். அங்கே அவருக்கு ‘ரிஜெக்ட் சார்’ என்று பெயர். அவர் கையில் சிக்கிய பொருள் தப்பித்ததாகச் சரித்திரமே இல்லை.

கேள்வி கேட்கப்பட்ட மீட்டர்காரருக்கு முகம் சுண்டிப்போனது. வாடகைக் கொட்டகையில் மூன்று பேரை வைத்துக்கொண்டு காந்தமானி செய்கிறவர் அவர். பேரிங் வளையத்தைத் தேய்த்து முடித்த பிறகு அதில் காந்தம் மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தால் இரும்புத்தூளை இழுத்து வைத்துக்கொண்டு இயந்திரத்தையே தின்றுவிடும். அந்த மிச்சத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் காந்தமானியின் வேலை. சோதனைக்கு ஒன்று கொடுத்திருந்தார். தேறினால் இன்னும் பத்து மீட்டருக்கு ஆர்டர். அதை நம்பித்தான் கொட்டகையே நின்றுகொண்டிருந்தது.

“அப்பவே சொன்னேன், ஃபாரின் மீட்டரே வாங்கிடலாம்னு,” என்றார் முதலாளி. “மூணு மடங்கு விலைன்னா இருந்துட்டுப் போகுது.”

“விலை மட்டுமா சார்?” பர்ச்சேஸ் மேடம் விடவில்லை. “எலக்ட்ரிக் வண்டி வந்ததுலேருந்து மோட்டார் பண்றவங்க எல்லாரும் காந்தமானிக்கு க்யூவுல நிக்கிறாங்க. இன்னிக்கு ஆர்டர் போட்டா கைக்கு வர ஆறு மாசம். அடுத்த வருஷம் இன்னும் மோசமாகும்கிறாங்க. அளக்கிற முனை உடைஞ்சா ரிப்பேருக்குக் கப்பலேத்தணும். இவரு கூப்பிட்டா ஸ்கூட்டர்ல வந்து நிக்கிறாரு. எத்தனையோ கம்பெனியை அலசித்தான் சார் இவரைப் பிடிச்சேன்.”

“முதல்ல ஒழுங்காத்தான் இருந்துச்சு,” என்றார் ரிஜெக்ட் சார். “போன மாசத்துலேருந்துதான் கோளாறு. நல்ல வளையத்தையெல்லாம் கழிச்சுக்கட்டுது. யார் வாங்கினதா இருந்தா எனக்கென்ன? தப்புன்னா தப்புதான்.”

மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். மீட்டர்காரருக்கே அது சுரீரென்றது.

“என் கண்ணு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம் சார்,” என்று கெஞ்சினார் மீட்டர்காரர். “செல்போன், சாவி, வாட்ச் எல்லாத்தையும் தூரமா வெச்சிடுங்க.”

எல்லோரும் வைத்தார்கள். மீட்டர்காரர் ஒரு வளையத்தை எடுத்து அளந்தார். ஒன்று காட்டியது. இரண்டு வரைக்கும் பாஸ்.

ரிஜெக்ட் சார் மேசையை ஒட்டி நின்றுகொண்டு அதே வளையத்தை அளந்தார். ஐந்து.

“பாத்தீங்களா?” என்றார் முதலாளி.

“கை ஆடுதோ என்னவோ... உக்காந்து பாருங்களேன் சார்,” என்று மீட்டர்காரர் நாற்காலியைத் தேடினார்.

“இங்க நாற்காலி கிடையாதுங்க,” என்றார் முதலாளி. “போன வருஷம் இடுப்பு வலின்னு ஒருத்தர் நாற்காலி கேட்டாரு. ‘வீட்லயே வசதியா உக்காருங்க’ன்னு கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன்.”

பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாக முதலாளியே சிரித்துக்கொண்டார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். ரிஜெக்ட் சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் மீட்டர்காரர் அதைப் பார்த்தார். ரிஜெக்ட் சாரின் சட்டையில், இடுப்புக்கு நேராக, மிளகு அளவு பேரிங் குண்டு ஒன்று விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைக்குள்ளே பட்டையாக ஏதோ புடைத்துத் தெரிந்தது.

காந்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இடுப்பு வலிக்குக் கட்டுகிற பெல்ட். உள்ளே காந்தத் துண்டுகளை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கட்டியிருக்கிற மனிதருக்கே அது தெரியாது. தெரிந்தால் இவரா மேசைப் பக்கம் வருவார்?

ஒரு வார்த்தை போதும், மீட்டர் பிழைத்துவிடும். ஆனால் நாளைக்கு இந்த மனிதரும் வீட்டில் வசதியாக உட்கார வேண்டியதுதான். மீட்டர்காரருக்குக் கொட்டகையில் வேலை செய்கிற மூன்று பேரின் முகமும் கண்ணுக்குள் வந்து போனது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டார்.

“தப்பு மீட்டர் மேலதான் சார். எடுத்துட்டுப் போயிடறேன்.”

வாசலில் ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பர்ச்சேஸ் மேடம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“என்ன சார் நீங்க? உங்களுக்காக நான் தொண்டைத் தண்ணி வத்தப் பேசறேன், நீங்களே காலை வாரி விட்டுட்டீங்களே! இனிமே என் பேச்சை அங்க யாரு சார் மதிப்பாங்க?”

“கோவப்படாதீங்க மேடம். வெளியில சொல்லமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மீட்டர் நல்ல மீட்டர்தான். அந்த சார் சட்டைக்குள்ள இடுப்புக்கு பெல்ட் கட்டியிருக்காரு. அதுல காந்தம் இருக்கு. அவர் கிட்ட போனா ரீடிங் ஏறுது. முதலாளி முன்னாடி இதை எப்படிச் சொல்றது? எனக்குப் போனது ஒரு ஆர்டர். அவருக்குன்னு ஒரு குடும்பம் இருக்குமில்ல?”

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்க்க ஆரம்பித்தார்.

“பெட்டியை உள்ள கொண்டாங்க. முதலாளிகிட்ட ஒரு நாள் டைம் கேட்டு வாங்கறேன். நாளைக்கு அவரே அளக்கட்டும், சரியா காட்டும்,” என்றவரின் குரல் உடைந்தது. “உங்க மீட்டரை வாங்கறதுக்கு நூறு கேள்வி கேட்டேன் சார். என் வீட்டுக்காரர் இடுப்பு வலில துடிக்கிறாரேன்னு அந்த பெல்ட்டை வாங்கினப்ப மட்டும், உள்ள என்ன வெச்சிருக்குன்னு ஒரு கேள்வி கேக்காம விட்டுட்டேனே!”