பொறியாளர் வாங்கும் விளக்கு

சாயங்கால வெயில் மின்சாமான் கடையின் கண்ணாடியில் இன்னும் வழிகிறது. சோதித்துப் பார்க்க இருட்டு கிடைக்காத மின்துறைப் பொறியாளர், ஒரு எமர்ஜென்சி லைட்டைச் சட்டைக்குள் செருகிப் போட்டுப் பார்க்கிறார். தொப்பை நிலாப்போல ஒளிர்கிறது. பக்கத்தில் சின்ன டார்ச் வாங்க வந்து நிற்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டல் முதலாளியே எதிர்க்கடையில் பார்சல் வாங்குவதைக் கண்டதுபோல அவரையே பார்க்கிறாள். போன வாரம் குடியிருப்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, இனி கரண்ட் கண் சிமிட்டக்கூடச் செய்யாது என்று முழங்கியவர் இவர்தான். அதை நம்பித்தான் அப்பாவின் மூச்சு மெஷினுக்குப் புது பேட்டரி வாங்குவதை அவள் தள்ளிப்போட்டாள். பழையது பாதி ராத்திரிக்குமேல் தாங்காது.

“விடியிற வரைக்கும் எரியுமாப்பா?” பொறியாளர் கடைக்காரரிடம் கிசுகிசுக்கிறார்.

“எரியும் சார். எத்தனை வேணும்?”

“ரூமுக்கு ஒண்ணு. பாத்ரூமுக்கும் சேத்துக்கோ.”

அவள் விரல் டார்ச்சின் பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கிறது. “என்ன சார், உங்க வீட்லயுமா?”

“சேச்சே! பரிசு குடுக்கம்மா.”

“பாத்ரூமுக்கா?”

கடைக்காரர் இருமலுக்குள் சிரிப்பை ஒளிக்கிறார். பொறியாளர் அவசரத்தில் விளக்கை அணைக்காமலே பைக்குள் திணிக்கிறார். துணிப்பை பளிச்சென்று எரிகிறது. அவள் நகர்ந்து வாசலை மறித்து நிற்கிறாள்.

“எங்கப்பா மெஷின்லதான் மூச்சு விடுறாரு சார். எந்த ராத்திரி கரண்ட் போகும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

பொறியாளரின் பார்வை அவரைக் கேட்காமலே கைக்கடிகாரத்துக்குப் போகிறது.