ஆள் வருது

ரெமிஜியஸின் கைப்பேசியில் ஒரு பஸ் விளையாட்டு. நாகை–தஞ்சாவூர் தடம், தனியார் பஸ், ஏர்ஹாரன், பயணிகள் எல்லாமே யார் யாரோ செய்து இணையத்தில் போட்ட மோடுகள், விளையாட்டில் இறக்கிச் சேர்த்துக்கொள்பவை. ஒரு வாரமாக அதில் ஒரு கோளாறு. கீழ்வேளூர் தாண்டியதும் மூன்றாவது சீட்டில் ஒரு மஞ்சள் கைக்குட்டை கிடந்தது. பஸ் நிரம்பி வழிந்தாலும் அதில் யாரும் உட்காரவில்லை.

பஸ் மோடு செய்த அறிவுச்செல்வனுக்கு போன் போட்டார்.

"கைக்குட்டையெல்லாம் நான் வைக்கலையே சார். ஒவ்வொரு மோடா எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. எதை எடுத்தா போகுதோ, அதுலதான் கோளாறு."

ஹாரனை எடுத்தார். பஸ்ஸை மாற்றினார். கடைசியில் பயணிகளையும் எடுத்தார். காலி பஸ்ஸில் கைக்குட்டை மட்டும் கிடந்தது.

அந்த நாட்களில் அவர் மனைவி ஜெனிட்டா டீச்சர் பள்ளி விட்டதும் கீழ்வேளூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிடுவாள். யார் கேட்டாலும், "ஆள் வருது." வேலை முடிந்து திருவாரூரில் ரெமிஜியஸ் ஏறுவார். அவள் இறந்து நான்கு வருடம். அவர் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார்.

விளையாட்டில் திருவாரூர் வந்தது. பழக்கத்தில் கதவைத் திறந்தார். ஒருவர் ஏறினார். ரெமிஜியஸின் நீலச் சட்டை, அவருடைய டிபன் பை, இடது காலைச் சற்றே இழுத்து நடக்கும் அவருடைய நடை. கைக்குட்டையை எடுத்து மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காலியாக இருந்த ஜன்னலோரம் திரும்பி, ஏதோ சொல்லிச் சிரித்தார்.

ரெமிஜியஸ் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

ஓட்டுகிறவர் இல்லாமலே பஸ் கிளம்பியது.