கீறல் விழாமல்

நகத்தால் சுரண்டக் கூடாது. பிளேடைத் தொடவே கூடாது.

முதல் தடவை இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்து அவசரமாகத் தேய்த்தாள். பசை போட்டு ஒட்டியிருந்த காகிதம் போயிற்று. கூடவே காரின் முன்மூடியில் பூனை பிறாண்டியதுபோல் ஒரு மங்கலும் விழுந்தது. கருநீல வண்டி. தூசி உட்கார்ந்தாலே ஊருக்குச் சொல்லும்.

இப்போது தேர்ந்துவிட்டாள். பழைய பனியன் துணியைச் சோப்பு கரைத்த வெந்நீரில் நனைத்து, ஒட்டியிருந்த காகிதத்தின்மேல் பரப்பினாள், காய்ச்சல்காரர் நெற்றியில் போடுவதுபோல.

இனிக் காத்திருக்க வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை. கை ஓடிக்கொண்டிருந்தால் மனம் சும்மா கிடக்கும். கை ஓய்ந்தால் அது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

துணிக்கு அடியில் இருந்த வாசகம் அவளுக்கு மனப்பாடம். ‘இது உன் இடம் அல்ல. வண்டியை உடனே எடு.’ கொட்டை எழுத்து. அடியில் இரண்டு கோடு.

“மறுபடியுமா!”

குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி காலை நடையை நிறுத்திவிட்டு வந்தார். அவருக்கு இதில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது தெரிந்தது.

“ஏம்மா, பொறுத்தார் பூமி ஆள்வார்னு இருக்கீங்களா? பூமியெல்லாம் வேணாம், உங்க பார்க்கிங்கையாவது ஆளுங்க.”

“விடுங்க சார். சின்னப் பசங்க விளையாட்டு.”

“எந்தச் சின்னப் பையன் அடிக்கோடு போட்டு எழுதறான்? பெயிண்ட்ல ஒரு கீறல் இருக்கட்டும், அப்புறம் இது விளையாட்டு இல்ல, சேதம். கேமராவைப் போட்டுப் பார்த்து, ஆள் யாரா இருந்தாலும் வீட்டைக் காலி பண்ண வெச்சுடறேன். லிஃப்ட் கண்ணாடியை உடைச்சவங்க கதி தெரியுமில்ல?”

தெரியும். அவர்களுடைய கட்டிலும் குக்கரும் வாசலில் மழையில் நனைந்துகொண்டு லாரிக்குக் காத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

“கீறலெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்றாள். பழைய மங்கலை மறைத்தபடி சற்று நகர்ந்து நின்றாள்.

“ரெண்டு சுத்து நடந்துட்டு வர்றேன். துடைச்சு வைங்க, பார்த்துடலாம்.”

அவர் போனதும் துணியை எடுத்தாள். ஊறிய காகிதம் ஓரத்தில் தூக்கிக்கொண்டது. அவசரப்படாமல் உரித்தாள். நடுவில் கிழிந்தது. கிழிந்த இடத்தில் பசை வெள்ளைத் தோலாக ஒட்டிக்கொண்டு நின்றது.

சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, விரல் நுனியின் சதையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். காலாவதியான வங்கி அட்டையைத் துணியில் சுற்றி, அதன் ஓரத்தால் மெதுவாகத் தள்ளினாள். பசை சுருண்டு சுருண்டு வந்தது. தோள்பட்டை இற்றுப்போவதுபோல் வலித்தது. இரவெல்லாம் துண்டு துண்டாகத் தூங்கிய தூக்கம் கண்ணுக்குள் மணலாகக் கிடந்தது. ஆபீஸுக்கு இன்றும் தாமதம்தான். என்ன காரணம் சொல்வது? காரணங்களும் தீர்ந்துவிட்டன.

சோப்புத் தண்ணீர். பிறகு நல்ல தண்ணீர். உலர்ந்த துணி. பழைய மங்கலின்மேல் மட்டும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மினுக்கினாள்.

செக்ரட்டரி திரும்பி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

“பளிங்கு மாதிரி இல்ல இருக்கு!” என்றார் ஏமாற்றத்தோடு. “சரி, அடுத்த தடவை பார்ப்போம்.”

அடுத்த தடவை.

வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். இனிமேல் குளிக்கப் போகும்போதும் வாசல் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். சட்டைக் கையில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“வாங்க சிஸ்டர்” என்றார்.

சில மாதங்களாக அவருக்கு அவள் நர்ஸ். முதலில் அழுதாள், ஆல்பத்தைக் காட்டினாள், சண்டைகூடப் போட்டாள். இப்போது கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

“அந்த வண்டிக்காரன் எடுத்தானா, பார்த்தீங்களா? எத்தனை தடவை எழுதி ஒட்டினாலும் எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கறான்.”

“உங்களுக்கு எதுக்கு ஐயா அந்த வம்பு?”

“வம்பா?” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என் பொண்ணு வர்ற நேரம் சிஸ்டர். அவளுக்கு ரிவர்ஸ் வராது. வெளிய சொல்லிடாதீங்க, கோவிச்சுப்பா. நேரா நுழைச்சு நிறுத்தறதுக்கு அந்த ஒரு இடம்தான் அவளுக்குத் தோது. அதுல போய் எவனோ தினமும் நிறுத்திக்கிட்டா, புள்ள எங்க நிறுத்துவா? சுத்திச் சுத்திப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா?”

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து, காய்ந்த பசையை மெல்ல உதிர்த்துவிட்டாள். அவர் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார்.

“இருங்க ஐயா. நான் போய் எடுக்கச் சொல்லிட்டு வர்றேன்.”

வெளியே பூட்டிக்கொண்டு இறங்கினாள். வண்டியைப் பின்னோக்கி எடுத்தாள். இரண்டு தூண்களுக்கும் நடுவே, எதிலும் உரசாமல், ஒரே வளைவில் வெளியே கொண்டுவந்தாள். அடுத்த தெருவில் எங்காவது நிறுத்திக்கொள்ளலாம்.

வாசலைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

ஜன்னலில் அப்பா, முன்பின் தெரியாதவருக்கு நன்றி சொல்வதுபோல், ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு அவர் பார்வை அவளைத் தாண்டித் தெருக்கோடிக்குப் போய் நின்றது.