ஒரு வாய்

கதவு தாழ் போடாமல் இருந்தது. உள்ளே நுழைந்த தங்கையை முதலில் வரவேற்றது ரம் வாசனை.

சமையலறை மேடை முழுக்க வெட்டிய அன்னாசி, பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல், தேங்காய்ப்பால், சர்க்கரைப் பாகு. அண்ணன் ஒரு ஸ்டீல் டப்பாவைத் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தான். அதில் அதிசயம் இல்லை. பெரிய ஹோட்டல் பாரில் அவனுக்கு அதுதான் வேலை.

அதிசயம், அண்ணி. டம்ளரிலிருந்து ஒரு மிடறு விழுங்கி, கண்ணை மூடிச் சப்புக்கொட்டிவிட்டு, "ரம் இன்னும் கொஞ்சம் விழலாம்," என்றாள்.

தங்கை கையில் இருந்த பையை நாற்காலியில் பொத்தென்று வைத்தாள்.

"வாம்மா, எப்ப வந்த?"

"ரம் பத்தலைன்னு சொன்னீங்களே அண்ணி, அப்ப."

அண்ணன் சிரித்தான். "நாளைக்குப் புது மேனேஜர் முன்னாடி புதுசா ஒரு டிரிங்க் கலந்து காட்டணும். அவருக்குப் பிடிச்சிருந்தா பார் முழுக்க என் பொறுப்பு. பிடிக்கலைன்னா, வேற ஆளைக் கொண்டாந்துடுவாங்க."

"பிடிக்கும்," என்றாள் அண்ணி.

"சரி, கலக்குற நீ குடிச்சுப் பாரு. அண்ணி எதுக்கு? பாட்டில் மூடியை மோந்தாலே தலை சுத்துதுன்னு சொன்னவங்கதானே?"

அண்ணன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி முந்திக்கொண்டாள்.

"எனக்குப் பிடிச்சுப்போச்சு. இப்ப அதுக்கென்ன?"

"எனக்கென்ன வந்துது? குடும்பத்துக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்குறீங்க. வாங்கிக் கொடுங்க."

ஹாலுக்கு வந்த வேகத்தில் தங்கை புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் அதே ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர். அவர் காதில் ஒன்று விழுந்தால், சாப்பாட்டு நேரத்துக்குள் லிஃப்ட் ஆபரேட்டர் வரைக்கும் போய்விடும்.

"என்னங்க, எங்க அண்ணி பட்டப்பகல்ல ரம் குடிக்கிறாங்க. அண்ணனே ஊத்திக் கொடுக்கிறான்."

"அட. அப்புறம்?"

"அப்புறமென்ன, கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க. முழுசாப் பார்த்துட்டுச் சொல்றேன்."

சமையலறைக்குத் திரும்பியபோது இருவரும் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு ஐஸ் தேடிக்கொண்டிருந்தார்கள். மேடைமேல் அடுத்த டம்ளர், அண்ணிக்காகக் காத்திருந்தது.

தங்கைக்கு ஒரு யோசனை. ஒரே ஒரு வாய் குமட்டினால் போதும், அண்ணி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

டம்ளரை எடுத்தது அண்ணன்.

"அண்ணே, அது..."

அதற்குள் பாதி டம்ளர் காலி. துப்பப் போகிறான், கத்தப் போகிறான் என்று தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டான். "நீயும் ஒரு வாய் பாரேன். அன்னாசி எப்படி முன்னாடி வந்து நிக்குது பாரு." பிறகு பெண்டாட்டியிடம், "ஐஸ் சுத்தமா இல்ல. கீழ்வீட்டுல வாங்கிட்டு வந்துடறேன்," என்று இறங்கிப் போனான்.

அண்ணி மிச்சத்தை எடுத்து உதட்டில் வைத்தாள். முகம் கோணியது. மூடி திறந்திருந்த உப்பு ஜாடியைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி, ரெண்டு ஸ்பூன் உப்பு. அண்ணன் எப்படி அதை..."

"போன மாசம் காய்ச்சல்ல படுத்தாரில்ல? அதுல நாக்கு செத்துப்போச்சு. பேச்சுக்குச் சொல்லல, நிஜமாவே செத்துப்போச்சு. வாசனையும் தெரியல. திரும்பி வந்துடும்கிறார் டாக்டர். எப்பன்னுதான் சொல்ல மாட்டேங்கிறார்."

"அப்ப நாளைக்கு?"

"கை இருக்கே. இன்னைக்கு ஒண்ணு சரியா வந்துட்டா, நாளைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதே அளவுல கலந்துடுவார். எது சரின்னு சொல்லத்தான் நான். ஆனா காலையிலேருந்து ருசி பார்த்துப் பார்த்து, இப்ப எனக்கே புளிப்பு எது, இனிப்பு எதுன்னு பிடிபடல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அண்ணியின் கண் நாத்தனார் கையில் இருந்த போனுக்குப் போய்த் திரும்பியது. டம்ளரைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

அண்ணன் ஐஸோடு வந்தான். அளந்து ஊற்றினான், குலுக்கினான், புது டம்ளரில் வடித்தான். அண்ணி கை நீட்டுவதற்குள் தங்கை அதை எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாய். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. இருமி முடித்துவிட்டு, இன்னொரு வாய்.

"எலுமிச்சை தூக்கலா இருக்கு அண்ணே. பாகு ஒரு கரண்டி கூட விடு."

அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள், "சொல்றாளில்ல, விடுங்க," என்றாள்.

போன் அடித்தது.

"என்ன, உங்க அண்ணி இன்னும் குடிச்சுக்கிட்டா இருக்காங்க?"

தங்கை அடுத்த டம்ளருக்குக் கை நீட்டியபடியே சொன்னாள்:

"சேச்சே, அண்ணி தொடவே இல்லைங்க. குடிக்கிறது நான்தான்."