ஒரு ஜோடிச் சேவல்

சேவல்கள் இரண்டும் பிரபையின் இடுப்பு உயரம் இருந்தன. சுதையில் செய்த சண்டைச் சேவல்கள். கழுத்து மஞ்சள், வால் வெள்ளை.

குதிரைமேல் அமர்ந்திருந்த, தாய்லாந்தின் பழைய போர்வீர மன்னர் நரேசுவனின் சிலையைச் சுற்றி ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் நேர்ச்சைச் சேவல்கள் நின்றன. வெயிலில் பாதிக்குச் சாயம் வெளுத்திருந்தது. தன் சேவல்களுக்கு அவள் இடம் தேடினாள்.

நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் விட்டால் அந்தக் குற்றம் வீட்டில் இருப்பவர்கள் மேல் விழும் என்பார்கள். வீட்டில் இனி இருப்பது மகள் ஒருத்திதான்.

சேவல் விற்கும் சம்னியங் பின்னாலேயே வந்தாள். வாய் ஓயாதவள்.

"நான் சொன்னேன்ல? சண்டை போட்ட ராஜாகிட்டப் போயி, பையனைப் பட்டாளத்துலேர்ந்து விட்டுடுன்னு கேட்டா விடுவாரா? அவருக்கே ஆள் பத்தல. வீட்டுக்கு வரணும்னு மட்டும் கேளுன்னேன். கேட்ட. வந்துட்டான் பாத்தியா!"

பிரபை தலையாட்டினாள்.

கட்டாயப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் சிவப்புச் சீட்டை எடுத்துப் பட்டாளத்துக்குப் போன மகன் தோங், தண்ணீர்த் திருவிழாவுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அன்று ஊதுவத்தியோடு அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

பெயர், வயது, முகாம், தெரு, கதவு எண் எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ராஜாவுக்கு ஆள் மாறிவிடக் கூடாதே.

திருவிழாவுக்குப் பதினோரு நாள் முன்பே வந்துவிட்டான். சரியான விலாசத்துக்கு.

வேண்டுதல் பலித்ததற்கான பட்டாசுச் சரத்தைச் சம்னியங் கொளுத்திப் போட்டாள். சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிரபை சேவல்களின் கழுத்தைப் பிடித்தபடி நின்றாள்.

புகை கலைந்தபோது, மீன்கடை ரப்பர் செருப்போடு ஒருத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் ஊதுவத்திக் கட்டு.

"அக்கா, உங்க பையன் வந்துட்டானாமே. எம்புள்ளையும் எல்லையிலதான் இருக்கான். போன் பேசி ஒம்போது நாளாச்சு. என்ன சொல்லி வேண்டிக்கிட்டீங்க? நானும் அப்படியே சொல்லிடறேன்."

"சொல்லிக் குடு, சொல்லிக் குடு. கைராசிக்காரி நீ," என்று சிரித்தாள் சம்னியங். "எனக்கும் இன்னொரு ஜோடி விக்கும்."

பிரபைக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போலிருந்தது. நேர்ச்சை முடிந்தது. பேருந்து நிற்குமிடம் எதிரேதான்.

அதற்குள் அந்தப் பெண் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் தயாராக இருந்தன.

பிரபையும் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"முதல்ல பேரு சொல்லு. வயசு. எந்த முகாம்."

அந்தப் பெண் சொன்னாள்.

"விலாசம் வேணாமா அக்கா?"

"சொல்லு. கதவு நம்பரோட சொல்லு."

அதையும் சொன்னாள். பிறகு யாரும் எடுத்துக் கொடுக்காமலே, "என் புள்ள சீக்கிரம் வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

பிரபை சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, காதருகே குனிந்து சொன்னாள்.

"தன் காலால நடந்து வரணும்னு சொல்லு."