கதவு மட்டும் போதும்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், வருகிற ஜனவரியில் ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும்போது என் பல்செட்டு அந்தத் துளைக்குள்ளேயே விழட்டும். அத்தனையும் சத்தியம்.

ஆர்டிஸுக்கு எழுபத்திரண்டு வயது. சமையலறை அலமாரிகளைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

புருஷன் வெண்டல் மசியவில்லை. அலமாரிப் பெட்டியெல்லாம் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது, கதவை மட்டும் மாற்றினால் போதும் என்றார்.

வெண்டலின் கருமித்தனம் மினசோட்டா மாநிலம் முழுக்கப் பிரசித்தம். பனிக்காலத்தில் சாலைப் பனி உருக உப்புத் தூவுகிற லாரியின் பின்னாலேயே வாளியோடு நடந்து, வருஷத்துக்கு வேண்டிய உப்பைச் சேர்த்துக்கொள்வார் என்பார்கள். அதனால் ஊரே ஆர்டிஸ் பக்கம்.

"பழைய சவப்பெட்டிக்குப் புது மூடி போட்டுத்தான் அந்த மனுஷன் போய்ச் சேருவாரு" என்றாள் பக்கத்து வீட்டு பெவர்லி.

ஆனால் ஆர்டிஸ் புது அலமாரி கேட்டது அழகுக்காக இல்லை.

ஆறு மாதமாக அவளுக்கு எது எங்கே என்று மறந்துபோகிறது. முப்பது வருஷம் புழங்கிய சமையலறையில், ஒரு கோப்பைக்காக நாலு கதவைத் திறக்கிறாள். வெண்டல் வந்துவிட்டால், கையில் துணியை எடுத்துக்கொண்டு துடைப்பதுபோல் பாவனை. போன வாரம் கார் சாவி மாவு டப்பாவுக்குள் கிடைத்தது.

பெவர்லியின் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பிள்ளைகள் கூடிப் பேசி, இரண்டே வாரத்தில் ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போதெல்லாம் மகள் மார்னி போனில், "எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு?" என்று ஒரு தினுசாகக் கேட்டால், ஆர்டிஸ் அவசரமாகப் பேச்சை மாற்றுகிறாள்.

அதற்குத்தான் இந்த யோசனை. எல்லாமே புதிது என்றால் யார்தான் தடுமாற மாட்டார்கள்? இன்னும் கை பழகவில்லை என்று சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம்.

தச்சு வேலைக்காரன் கர்ட் அளவெடுக்க வருகிற அன்று காலை, வெண்ணெய் தடவுகிற கத்தியால் நாலைந்து கீல்களைத் தளர்த்தி வைத்தாள். அவன் தொட்டதும் ஒரு கதவு கையோடு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? எல்லாம் உளுத்துப்போச்சு."

கர்ட் உள்ளே தலையை விட்டு, டார்ச் அடித்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"மரம் இரும்பாட்டம் இருக்கு. வெறும் திருகாணிதான் லூஸு. ஆனா நீங்க புதுசு கேட்டா, நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"கதவு மட்டும்" என்றார் வெண்டல்.

ஆர்டிஸ் கெஞ்சினாள். எலி நாற்றம் என்றாள், நிறம் பிடிக்கவில்லை என்றாள், கடைசியில் அழுதே விட்டாள். அவர் அசையவில்லை. கர்ட் சங்கடத்தில் அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி ஊற்றாமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் கொலைக்கு அடுத்த பாவம். ஆர்டிஸ் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் உறைத்தது.

கோப்பை எங்கே?

பதினோரு கதவு. பின்னால் இரண்டு ஜோடிக் கண்கள்.

முதல் கதவைத் திறந்தாள். தட்டுகள். இரண்டாவது. சர்க்கரையும் ஓட்ஸும். மூன்றாவதின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திறக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.

"காப்பியெல்லாம் வேணாம்" என்றது வெண்டலின் குரல். "வந்த வேலைய முடிச்சிட்டுக் கெளம்பட்டும்."

கர்ட்டின் காது மடல் சிவந்துபோயிற்று. ஆர்டிஸுக்கு உயிர் திரும்பியது, மானம் போயிற்று. ஒரு கோப்பைக் காப்பிக்குக் கணக்குப் பார்க்கிற மனுஷனோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்றிருந்தது.

விஷயம் பரவி, அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெண்டல் உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஒருவரும் உட்காரவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கதவுகள் வந்தன. வெண்டல் கடைக்குப் போயிருந்தார். ஆர்டிஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இனி எத்தனை நாள் ஒளிக்க முடியும் என்ற ஒரே யோசனையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சுத்தியல் சத்தம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே போனாள்.

பதினோரு கதவிலும் கண்ணாடி.

எதையும் திறக்காமலே எல்லாம் தெரிந்தது. கோப்பைகள், தட்டுகள், சர்க்கரை, ஓட்ஸ். அதது அதனதன் பழைய இடத்தில்.

"வேற யாரோடதையோ கொண்டாந்துட்டீங்களா கர்ட்?"

"இல்ல, வெண்டல் கேட்டதுதான். இந்தக் கண்ணாடிக் காசுக்குப் புது அலமாரியே போட்டு மிச்சம் பிடிச்சிருக்கலாம். நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"பின்ன எதுக்காம்?"

கர்ட் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாரு. பாவம், அவருக்கு ஞாபகம் போய்க்கிட்டிருக்காம். எந்தக் கதவுக்குள்ள எது இருக்குன்னு தெரியலியாம். பெட்டிய எடம் மாத்தினா இன்னும் தடுமாறுவேன், உள்ள இருக்கறது வெளியிலேர்ந்தே தெரியணும்னாரு. ஆர்டிஸுக்குத் தெரிஞ்சா பயந்துடுவான்னு சொல்லும்போது கண்ணு கலங்கிட்டாரு."

ஆர்டிஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கோப்பைகளையே பார்த்தாள்.

வெண்டலுக்கு மறதியா? கல்யாணத்தன்று சர்ச்சுக்குப் போகிற வழியில் போட்ட பெட்ரோல் என்ன விலை என்று இன்றைக்கும் சில்லறையோடு சொல்கிற மனுஷன்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றான் கர்ட்.

நானும் உங்களிடம் கேட்டுக்கொள்வது அதேதான்.