களிமண் எலி

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்த நாரை ஒற்றைக்காலில் நிற்கிறது. அதன் நிழல் விழும் நீள மேசையில் கோடை முகாமுக்கு வந்த குடும்பங்கள் வயலில் வாழும் உயிர்களைக் களிமண்ணில் பிடிக்கின்றன. மேசை முனையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் 'விவசாயியின் நண்பன்', மற்றதில் 'விவசாயியின் எதிரி' என்று எழுதியிருக்கிறது. தவளையும் மண்புழுவும் இருக்கும் நண்பன் தட்டில் செந்தாமரையின் மகள் வெண்ணிலா தன் எலியை வைக்கிறாள். "எலி எதிரிம்மா, நெல்லைத் திங்கும்ல?" என்று சிரித்தபடி முகாம் நடத்தும் பெண் அதை எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றுகிறாள். "எங்கம்மா சின்ன வயசுல அதைச் சுட்டுச் சாப்பிட்டிருக்காங்க," என்கிறாள் வெண்ணிலா. வங்கியில் தினமும் செந்தாமரையோடு ஒரே மேசையில் சாப்பிடும் சுபத்ரா, மகனின் கையை ஈரத்துணியால் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்கிறாள். குழந்தை ஏதோ உளறுகிறது என்று சொல்லிவிடலாம். அதற்கான சிரிப்புகூடச் செந்தாமரையின் உதட்டில் தயாராக இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு எழுகிறாள். எலியை எடுத்துத் தவளைக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் அதன் முகம் தெரியும்படி வைக்கிறாள். "ஆமாங்க, சாப்பிட்டிருக்கோம். அறுப்பு முடிஞ்சதும் வளையை வெட்டினா எலியும் கிடைக்கும், அது சேர்த்து வச்ச நெல்லும் கிடைக்கும். நிலம் வச்சிருந்தவங்களுக்கு அது எதிரி. வயல்ல வேலை செஞ்ச எங்களுக்குச் சோறு." சுபத்ராவைப் பார்த்தபடியே உட்கார்ந்து, இன்னொரு உருண்டைக் களிமண்ணை மகளின் கையில் வைக்கிறாள். "இன்னொண்ணு பண்ணு. வாலை நல்லா நீளமா இழு. தூரத்துல நிக்கிறவங்களுக்கும் எலின்னு தெரியட்டும்."